கருவிப் பெட்டியின் சாவி யாரிடம்?

ஆயுத பூஜையன்று எங்கள் தெருவில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். மாடிப்படிக்குக் கீழே, பழைய செய்தித்தாள் கட்டுக்கும் உடைந்த வாளிக்கும் பின்னால் ஆண்டு முழுவதும் உறங்கிக் கிடந்த ஒரு தகரப் பெட்டி வெளியே இழுக்கப்படும். அதிலிருந்து ஒரு சுத்தியல், ஒரு குறடு, பிடி உடைந்த ஒரு திருப்புளி, நான்கைந்து ஸ்பேனர்கள் எல்லாம் வரிசையாக எடுத்து வைக்கப்படும். சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. சூடம் காட்டி முடிந்து மறுநாள் ஆனதும் கருவிகள் பெட்டிக்குள் போய்விடும். பெட்டி மாடிப்படிக்குக் கீழே போய்விடும். அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் அதற்கு மறுபடியும் வெளிச்சம்.

கருவிகளைக் கும்பிடும் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. தச்சரும் கொல்லரும் தங்களுக்குச் சோறு போடும் கருவிகளுக்கு ஆண்டில் ஒரு நாள் ஓய்வு கொடுத்து மரியாதை செய்கிறார்கள். அதில் பொருள் இருக்கிறது. நம் போன்றவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது? கருவிகளுக்கு ஆண்டில் ஒரு நாள் மரியாதை, மற்ற 364 நாட்களும் ஓய்வு! இது எப்படி வந்தது, இதை எப்படி மாற்றுவது என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். பெரியவர்களோடு பேசாமல் உங்களோடு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. எங்கள் பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். முத்தியால்பேட்டையில் வீடு, லாஸ்பேட்டையில் பள்ளி. சைக்கிளில் போய் வருவாள். ஒரு நாள் மாலை வரும் வழியில் பின்சக்கரத்தின் நட்டு தளர்ந்துவிட்டது. சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சட்டத்தில் உரசத் தொடங்கியது. வழியில் இருந்த சைக்கிள் கடை அன்று பார்த்துப் பூட்டியிருந்தது. புத்தகப் பையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தவள், நேராக என்னிடம் வந்து, "மாமா, உங்ககிட்ட ஸ்பேனர் இருக்கா?" என்றாள்.

இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காந்தி வீதியில் கூடுகிற சண்டே மார்க்கெட்டில் பழைய ஸ்பேனர்கள் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தேன். கனமான, நல்ல எஃகு. பெருமையோடு எடுத்து வந்தேன். ஒன்று நுழையவில்லை, அடுத்தது நட்டின் மேல் வழுக்கிச் சுற்றியது, மூன்றாவது பொருந்துவதுபோல் காட்டி, பலத்தைக் கொடுத்ததும் நட்டின் முனைகளைச் சிராய்த்தது. சரி, குறட்டால் பிடித்துத் திருகலாம் என்று குறட்டை எடுத்தால், அதன் இரண்டு கைகளும் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான் இயற்பியல் படித்தவன். நெம்புகோல் மூன்று வகை என்று எந்தத் தூக்கத்திலும் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரே ஒரு நட்டை இறுக்க முடியவில்லை. மறுநாள் காலை சைக்கிள் கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார்.

அந்த மாலையில் நான் செய்திருந்த தவறுகள் இரண்டு. பொருந்தாததை வாங்கியது ஒன்று. வாங்கியதைக் காப்பாற்றாமல் விட்டது மற்றொன்று. வீட்டுக்கு ஒரு கருவிப் பெட்டி அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறுகளும் இவைதாம்.

பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் 'வீட்டு கராஜ்' என்று எழுதியிருக்கும். கராஜ் என்பது பிரெஞ்சுச் சொல்; ஒதுக்கி நிறுத்துவது என்ற பொருளுள்ள வினைச்சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஊரானாலும் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் காருக்கென்று தனி அறை கிடையாது. சைக்கிளும் ஸ்கூட்டரும் நிற்கிற மாடிப்படியடி, நடை, திண்ணை ஓரம், இவைதாம் நமது கராஜ். அது போதும். ஒரு பெட்டி வைக்க இரண்டு சதுர அடி இடம், உட்கார்ந்து வேலை செய்ய ஒரு சாக்கு, தலைக்கு மேல் ஒரு நல்ல விளக்கு. இந்த மூன்றில் விளக்கைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

இனி வாங்கும் கதைக்கு வருவோம். கடைக்குப் போகும்முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை நட்டு, போல்ட்டு, திருகாணிகள் இருக்கின்றன, அவற்றின் அளவு என்ன என்று ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். சைக்கிளில் இருப்பவை, ஸ்கூட்டரில் இருப்பவை, தையல் இயந்திரம், மேசை மின்விசிறி, நாற்காலி, கதவுக் கீல் என்று எல்லாவற்றையும் பாருங்கள். நட்டின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் உங்களுக்கு வேண்டிய அளவு. வெர்னியர் அளவுகோல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரண அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் பாருங்கள். அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. அருகில் உள்ள முழு எண்ணை எழுதுங்கள்.

இப்படி நானும் அந்த மாணவியும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினோம். இரண்டு வீட்டிலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட நட்டு, போல்ட்டுகள். ஆனால் அளவுகளோ ஏழெட்டுத்தான். 8, 10, 12, 13, 14, 15, 17 ஆகியவற்றைத் தாண்டி மிகச் சிலவே வந்தன. விளம்பரத்தில் '108 உருப்படிகள் கொண்ட கருவித் தொகுப்பு' என்று பளபளக்கும் பெட்டியைப் பார்த்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அதில் நமக்கு வேண்டியவை பத்து இருக்கலாம். மற்றவை எண்ணிக்கைக்காகச் சேர்த்தவை. நூற்றெட்டு என்றதும் நம் ஊரில் வேறொரு மதிப்பும் தானாக வந்துவிடுகிறதோ என்னவோ!

12, 13 இரண்டும் ஏன் வருகின்றன என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. 8 மில்லிமீட்டர் தண்டுள்ள ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய முறையில் வடிவமைத்த மோட்டார் சைக்கிளில் அதன் தலை பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் அகலம். ஐரோப்பிய முறையிலும், பன்னாட்டுத் தர நிர்ணயத்திலும் அதே போல்ட்டின் தலை 13. தண்டும் ஒன்று, மரையும் ஒன்று, தலை மட்டும் வேறு. ஒரு மில்லிமீட்டர்தானே என்று 13 ஸ்பேனரை 12 நட்டில் போட்டால் என்ன ஆகும்?

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். நட்டு ஓர் ஒழுங்கு அறுகோணம். பக்கத்துக்குப் பக்கம் 12 மில்லிமீட்டர் என்றால், முனைக்கு முனை எவ்வளவு? 12-ஐ 30 பாகையின் கோசைனால், அதாவது 0.866-ஆல் வகுக்க வேண்டும். 13.86 வரும். எனவே 14 ஸ்பேனர் அந்த நட்டைச் சுற்றிச் சும்மா சுழன்றுவிடும், தீங்கு செய்யாது. 13 ஸ்பேனர்தான் ஆபத்தானது. அது சுழலாது, ஆனால் நட்டின் தட்டைப் பக்கத்தைத் தழுவாமல் முனைகளை மட்டும் கவ்வும். பரப்பின் மேல் பரவ வேண்டிய விசை முழுவதும் ஒரு கோட்டின் மேல் விழும். விசை அதே, பரப்பு மிகக் குறைவு, அழுத்தம் மிக அதிகம். முனை நசுங்குகிறது. நாலு முறை இப்படிச் செய்தால் அறுகோணம் வட்டமாகிவிடும். பிறகு சரியான ஸ்பேனர் வந்தாலும் பயனில்லை. பொருந்தாத கருவி, கருவியே இல்லாததைவிட மோசம் என்று நான் சொல்வது இதனால்தான்.

என்னுடைய சண்டே மார்க்கெட் ஸ்பேனர்கள் எந்த நட்டிலும் பொருந்தாததற்குக் காரணம் இன்னும் சுவையானது. அவற்றின் மேல் 1/4, 5/16, 3/8 என்று பின்னங்கள் பொறித்திருந்தன. அங்குல அளவு என்பது எனக்குத் தெரியும். பெருக்கி மில்லிமீட்டர் ஆக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அவை விட்வொர்த் வகை. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1841-ல் திருகு மரைகளுக்கு ஒரு பொது அளவை முன்மொழிந்தார். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் அவர். அவர் பெயரால் வழங்கும் ஸ்பேனர்களில் பொறித்திருக்கும் எண் தலையின் அகலம் அன்று, தண்டின் விட்டம்! 1/4 என்று எழுதிய ஸ்பேனரின் வாய் கால் அங்குலத்தைவிட மிகப் பெரிதாக இருப்பது இதனால்தான். எந்த ஆங்கிலேய இயந்திரத்தோடு கப்பலேறி வந்த ஸ்பேனர்களோ, அவை மிக நல்ல ஸ்பேனர்கள். என் வீட்டில் அவற்றுக்கு ஏற்ற நட்டுதான் இல்லை. 1790-களில் மீட்டரை உலகுக்கு வழங்கிய நாட்டின் கொடி 1954 வரை பறந்த ஊரில் நின்றுகொண்டு, பின்ன அங்குல ஸ்பேனரை வாங்கி வந்திருக்கிறேன் பாருங்கள். இந்தியா 1956-ல் சட்டம் இயற்றிப் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறிவிட்டது. எனவே இன்றைய வீட்டுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர்களே போதும்.

பழைய பொருள் வாங்கக்கூடாது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய சுத்தியலும், பழைய வைஸும், பழைய குறடும் புதியவற்றைவிட மேலாக இருப்பதுண்டு. ஒரு தந்திரம் சொல்கிறேன். போகும்போது சட்டைப் பையில் இரண்டு மூன்று நட்டுகளைப் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பேனரின் வாயில் நட்டை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரு பக்கமும் மெல்லிய கோடுபோல் வெளிச்சம் தெரிந்தால் நல்லது. ஒரு பக்கம் முக்கோணமாகத் தெரிந்தால் வாய் விரிந்துவிட்டது, வேண்டாம்.

புதிதாக வாங்குவதானால், என் கருத்தில், முதல் மாதம் வாங்க வேண்டியவை இவ்வளவுதான்: 8-9, 10-11, 12-13, 14-15, 16-17 என்று இரு முனையிலும் வாயுள்ள ஸ்பேனர்கள் ஐந்து. தட்டை நுனித் திருப்புளி ஒன்று. நட்சத்திர நுனி உள்ளது ஒன்று. ஒரு கட்டிங் பிளேயர். கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தலையுள்ள ஒரு சுத்தியல். நட்சத்திரத் திருப்புளியில் இரண்டாம் எண் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் உள்ள பெரும்பாலான திருகாணிகளுக்கு அது பொருந்தும். ஹாக்சா, அரம், ஆலன் சாவிகள் எல்லாம் தேவை வரும்போது ஒவ்வொன்றாக வந்து சேரட்டும். ஒரு வேலைக்கு ஒரு கருவி என்று வாங்கினால் பெட்டி உங்கள் அனுபவத்தோடு சேர்ந்து வளரும்.

ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று வாங்கினால் எல்லா அளவுக்கும் ஆயிற்றே என்று உங்கள் அப்பா சொல்லக்கூடும். அந்தக் கருவியின் மீது எனக்கும் மதிப்பு உண்டு. சுவீடன் நாட்டு யோஹான் பெட்டர் யோஹான்சன் 1890-களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். மூட்டை மூட்டையாக ஸ்பேனர்களைச் சுமந்து திரிந்த தொழிலாளிக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அதன் நகரும் தாடையில் எப்போதும் சிறிது ஆட்டம் இருக்கும். ஆட்டம் இருந்தால் முனை நசுங்கும். எனவே அது இரண்டாவது ஸ்பேனராக இருக்கலாம். முதல் ஸ்பேனராக வேண்டாம்.

பணத்தை எதில் செலவழிப்பது, எதில் சேமிப்பது என்று கேட்டால், எஃகுக்குச் செலவழியுங்கள், பெட்டியில் சேமியுங்கள் என்பேன். நடைமுறையில் தலைகீழாகத்தான் செய்கிறோம். மூன்று தட்டு விரியும் சிவப்புப் பெட்டிக்குப் பெரும்பங்கு பணத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சக் காசுக்கு வளைகிற ஸ்பேனரை வாங்குகிறோம். நல்ல ஸ்பேனரின் மேல் குரோம் வனேடியம் என்று பொறித்திருக்கும். எஃகில் சிறிதளவு வனேடியம் கலந்தால் அதன் உட்துகள்கள் நுண்ணியவையாக அமைகின்றன. எஃகு கடினமாகவும் இருக்கும், எளிதில் முறியவும் முறியாது. 1908-ல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் இத்தகைய எஃகைப் பயன்படுத்தினார்கள். பொறித்த எழுத்து உண்மைதானா என்று கண்டறிய, ஓர் ஓரத்தில் அரத்தால் மெல்லத் தேய்த்துப் பார்க்கலாம். மெதுவான இரும்பென்றால் அரம் கடிக்கும். பதமேற்றிய எஃகென்றால் அரம் அவ்வளவு எளிதில் கடிக்காது. கடைக்காரர் முன்னால் இதைச் செய்யாதீர்கள்! ஒன்றை மட்டும் வாங்கி வந்து வீட்டில் சோதித்துவிட்டு, பிறகு மற்றவற்றை வாங்குங்கள்.

ஸ்பேனர் கையில் வந்ததும் எல்லாருக்கும் வருகிற ஆசை, பலத்தைக் காட்டுவது. 6 மில்லிமீட்டர் தண்டுள்ள சாதாரண போல்ட்டை ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் திருப்பு விசையில் இறுக்கினால் போதும். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 50 நியூட்டன் விசை, அதாவது ஐந்து கிலோ எடையைத் தூக்குகிற பலம் கொடுத்தாலே அது வந்துவிடும். அதே ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகி 60 சென்டிமீட்டர் ஆக்கி, அதே பலத்தைக் கொடுத்தால் 30 நியூட்டன் மீட்டர். போல்ட்டு முறிந்து பாதி உள்ளே மாட்டிக்கொள்ளும். சிறிய ஸ்பேனர்களைக் குட்டையாகவும் பெரிய ஸ்பேனர்களை நீளமாகவும் செய்திருப்பது இதற்காகத்தான். அந்த நீளத்தில் ஒரு பொறியாளரின் எச்சரிக்கை இருக்கிறது. பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறன் பற்றி நாம் படிக்கிற பாடம், கை அந்த எஃகின் எதிர்ப்பை உணரும்போதுதான் முழுமையாகிறது. சொல்லப்போனால், பாடத்தைப் படிக்கும்முன் ஸ்பேனரைப் பிடித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி இரண்டாவது தவறு. புதுச்சேரிக்காரர்களுக்கு இது தனிப் பாடம்.

கடற்கரையில் காந்தி சிலை அருகே நின்று கடலைப் பாருங்கள். அலைகளுக்கு நடுவே பழைய தூண்களின் மிச்சம் தெரியும். 1866-ல் கட்டிய கப்பல் துறைப் பாலத்தின் எச்சம் அது. 1952-ல் வீசிய புயல் பாலத்தை அழித்தது. புயல் விட்டுவைத்ததைத் துரு இன்றுவரை தின்றுகொண்டிருக்கிறது. அந்தத் தூண்களைத் தின்கிற அதே காற்றுதான் பிற்பகலில் கடலிலிருந்து கிளம்பி நம் மாடிப்படியடிக்கும் வருகிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று படித்திருப்பீர்கள். உப்பு அங்கே என்ன செய்கிறது? இரும்பின் மேல் படிந்த மெல்லிய நீர்ப்படலத்தில் உண்மையில் ஒரு சிறு மின்கலம் இயங்குகிறது. ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. இன்னோரிடத்தில் ஆக்சிஜன் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் இந்த மின்கலம் வேகமாக ஓடுகிறது. குளோரைடு அயனிகள், இரும்பின் மேல் உருவாகும் காப்புப் படலங்களையும் ஊடுருவிக் கெடுத்துவிடுகின்றன. இதைவிட ஒரு சூழ்ச்சி உண்டு. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்துக்கு மேல் போனால்தான் நீரை உறிஞ்சிக் கரையும். ஆனால் கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். நமக்கு வறண்ட நாளாகத் தோன்றும் நாளிலும் உங்கள் குறட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈரப்படலம் இருக்கும்! காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இந்தக் கடற்காற்றின் அரிப்பை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் நடத்துகிறது என்றால், விஷயம் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கருவிகளைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுகிற அழகான முறை கடலோர வீட்டுக்கு ஒத்துவராது. மூடுகிற பெட்டி வேண்டும். சின்ன டிரங்குப் பெட்டி ஒன்று போதும். ஐந்து கிலோ எண்ணெய் டின்னை நீளவாக்கில் வெட்டி விளிம்பை மடித்தும் செய்யலாம். வெட்டும் வேலையைப் பெரியவரிடம் விடுங்கள், தகர விளிம்பு கத்தி போல் அறுக்கும். உள்ளே ஒரு பழைய போர்வைத் துண்டை விரித்து, ஒவ்வொரு கருவியையும் அதன் மேல் வைத்துச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் தையல் ஓட்டிவிடுங்கள். எந்தக் கருவி திரும்பி வரவில்லை என்பது அந்த வெற்று உருவத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தரையே வியர்க்கும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு தவறு எல்லார் வீட்டிலும் நடக்கிறது. சமையலறையிலிருந்து நல்லெண்ணெயை எடுத்துத் தடவுகிறார்கள். தாவர எண்ணெய்கள் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசுபிசுத்துப் பிசின்போல் ஆகின்றன. சிக்குப் பிடித்துக் காறலாகும்போது அமிலமும் உண்டாகிறது. தையல் இயந்திர எண்ணெய் கனிம எண்ணெய். அதைத் துணியில் நனைத்து மாதம் ஒரு முறை துடைத்தால் போதும். மருந்து சீசாக்களிலும் புதுச் செருப்புப் பெட்டிகளிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கியெறியாமல் சேர்த்துப் பெட்டிக்குள் போடுங்கள். வேலை முடிந்ததும் வியர்வைக் கையின் தடத்தைத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். வியர்வையும் உப்புத்தானே!

ஏற்கெனவே துருப்பிடித்ததை என்ன செய்வது? என் குறட்டைப் புளிக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தோம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளக்க வைக்கும் அதே அமிலம்தான். காலையில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டோம். கழுவிக் காயவைப்பதில் சோம்பினால், மிஞ்சிய அமிலம் மறுபடியும் வேலையைத் தொடங்கிவிடும். குறடு இப்போது திறந்து மூடுகிறது. கன்னங்களில் அம்மைத் தழும்புபோல் குழிகள் மட்டும் இருக்கின்றன.

நம்பாதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே மாதிரியான ஆறு ஆணிகளை எடுத்து, சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். இரண்டை அப்படியே, இரண்டை நல்லெண்ணெய் தடவி, இரண்டைத் தையல் இயந்திர எண்ணெய் தடவி, ஒவ்வொரு இணையிலும் ஒன்றைத் திறந்த தட்டிலும் மற்றொன்றை மூடிய டப்பாவிலும் வையுங்கள். வாரம் ஒரு முறை பார்த்து எழுதுங்கள். கடற்கரையை ஒட்டிய வீட்டில் ஒருவரும், வில்லியனூர்ப் பக்கம் ஒருவருமாக இரண்டு நண்பர்கள் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சைக்கிள், நாற்காலி, கதவு, குழாய் இவை உங்கள் ஆட்சி. மின்சாரப் பொருள் எதுவானாலும் பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகுதான் திருப்புளி; சுவரில் உள்ள சுவிட்சும் ஒயரும் உங்கள் வேலை அல்ல. டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பித் தொடக்கூடாது, டெஸ்டரே கெட்டிருக்கலாம். எரிவாயு அடுப்பின் குழாய், சிலிண்டர், ரெகுலேட்டர் பக்கமே ஸ்பேனர் போகக்கூடாது.

இதையெல்லாம் ஏன் பெரியவர்களிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்? பெரியவர்களில் பலர் முடிவு செய்துவிட்டார்கள். படித்தவன் கையில் கிரீஸ் படக்கூடாது என்று ஒரு முடிவு. பெண் கையில் ஸ்பேனர் எதற்கு என்று இன்னொரு முடிவு. நாங்கள் நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அந்த மாணவியின் பாட்டி திண்ணையிலிருந்து, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி இந்த வேலை? நகமெல்லாம் கறுப்பாகுது பாரு" என்றார். பாட்டியின் மேல் எனக்குக் கோபமில்லை. கையால் வேலை செய்கிறவரைத் தாழ்வாகப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது பல நூற்றாண்டுப் பழக்கம். ஆனால் எண்ணிப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அன்று அது ஒரு புரட்சியாகப் பேசப்பட்டது. தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு அரசே சைக்கிள் வழங்குகிறது. அந்தச் சைக்கிள் நிற்கிற எத்தனை வீடுகளில் அதன் சக்கர நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் இருக்கிறது? அது இருக்கும் வீட்டிலும், அதை எடுக்கிற உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கிறதா? சக்கரம் சாய்ந்தால் தள்ளிக்கொண்டு வர வேண்டிய வண்டி அவளுக்குப் பாதிதான் சொந்தம்.

எல்லாரும் தாமே வேலை செய்துகொண்டால் மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது என்று ஒரு நண்பர் கேட்டார். நட்டு இறுக்குகிற வேலையால் எந்த மெக்கானிக்கும் பிழைக்கவில்லை. உள்ளே திறந்து பார்த்தவனுக்குத்தான் அவருடைய திறமையின் மதிப்புத் தெரியும். கூலியில் பேரம் பேசவும் மனம் வராது. இது என் அனுபவம்.

எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவாக இப்போது ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. சாவி அவளிடம்தான். நேற்று ஸ்கூட்டரில் ஒரு நட்டை இறுக்கலாம் என்று சாவியை வாங்கித் திறந்தேன். போர்வையில் 14-15 ஸ்பேனரின் உருவம் மட்டும் தைத்திருந்தது, ஸ்பேனரைக் காணோம். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி இரவல் வாங்கிப் போயிருக்கிறாளாம். சனிக்கிழமை வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறாள்.